முதுகுத்தண்டில் வரும் அரிய கட்டிகள்: வேலூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் ஒரு திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, நோய்க்குறியியல் மருத்துவரின் மேஜைக்கு அனுப்புவது என் வேலை. ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் குடியாத்தம், ஆரணி, வாலாஜா, திருப்பத்தூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் மேஜையில் பார்த்ததையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கான முடிவை அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அந்த மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதுகுல கட்டின்னு சொல்லிட்டாங்க. அப்படின்னா கேன்சர் தானா?

அப்படி முடிவு கட்ட வேண்டாம். முதுகுத்தண்டில் வரும் கட்டிகளில் பல வேறு உறுப்புக்குப் பரவாதவை. நரம்பு உறையில் வரும் ஷ்வான்னோமா, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மெனிஞ்சியோமா இரண்டும் பெரும்பாலும் அந்த ரகம். முள்ளெலும்பில் புற்றுநோய் இருக்கிறது என்றால்கூட, அது மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு போன்ற வேறு இடத்தில் தொடங்கி எலும்புக்கு வந்ததாக இருப்பதே அதிகம். முதுகுத்தண்டிலேயே பிறக்கும் புற்றுநோய் அரிது.

ஆனால் 'சாதா கட்டி' என்று சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடவும் கூடாது. தண்டுவடம் போகும் எலும்புக் குழாய் மிகக் குறுகல். கையில் வந்தால் கவலையே படாத அளவுள்ள கட்டி அங்கே வந்தால் காலை முடக்கிவிடும். முதுகைப் பொறுத்தவரை கட்டி என்ன ரகம் என்பதற்குச் சமமான கேள்வி, அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது.

தண்டுவடத்துல கட்டி, எலும்புல கட்டி, ரெண்டும் ஒண்ணு தானே?

இல்லை. வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் முள்ளெலும்பு, அதற்குள் டியூரா என்ற கெட்டியான உறை, அதற்குள் நீரில் மிதக்கும் தண்டுவடம், அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள். எலும்பில், அதாவது உறைக்கு வெளியே வருபவை ஒரு வகை: கார்டோமா, ஜெயன்ட் செல் டியூமர் (இரண்டையும் கீழே விளக்குகிறேன்), வேறு இடத்திலிருந்து பரவியவை. உறைக்குள், ஆனால் தண்டுவடத்துக்கு வெளியே வருபவை இரண்டாவது வகை: ஷ்வான்னோமா, மெனிஞ்சியோமா. தண்டுவடத்தின் உள்ளேயே வளர்பவை மூன்றாவது. எபென்டிமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா, ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா அதில் வரும். மூன்றிலும் எண்ணிக்கையில் குறைவு இதுதான்.

எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது இந்த இடம்தான். ஆபரேஷனின் அபாயம் என்ன, கதிர்வீச்சு தேவைப்படுமா என்ற பேச்செல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

எம்.ஆர்.ஐயில 'ஹீமாஞ்சியோமா'ன்னு எழுதியிருக்கு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

தூங்குங்கள். முள்ளெலும்பில் வரும் இந்த ரத்தக்குழாய்த் திரள், வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு இருக்கும். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தட்டுப்படும். எலும்பை விட்டு வெளியே வந்து நரம்பை அழுத்தும் அபூர்வ நிலையைத் தவிர, ஒன்றும் செய்யத் தேவையில்லை.

இடுப்பு வலி, இடுப்பு வலின்னு மாத்திரையே சாப்ட்டுனு இருந்தோம். முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம் இல்ல?

வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். நெசவுக் குழியில் உட்காருகிறவர்கள், பீடி சுற்றுகிறவர்கள், தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் இடம்) குனிந்து நிமிர்கிறவர்கள் நிறைந்த ஊர் இது. இடுப்பு வலிக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் வேலையைத்தான் காட்டுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வேறுபடுத்திக் காட்டும் அடையாளங்கள் சில உண்டு. படுத்தால் குறையாமல் ராத்திரியில் கூடும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு, செருப்பு கழன்று போவது தெரியாத அளவுக்கு மரத்துப் போன பாதம், நடையில் தள்ளாட்டம், சிறுநீர் வர முக்குவது, உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைவது. கடைசி இரண்டில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சேக்ரம், அதாவது இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேலே உள்ள முக்கோண எலும்பு, தனியாகச் சொல்ல வேண்டிய இடம். அங்கே வரும் கார்டோமா உள்பக்கமாக, மலக்குடல் இருக்கும் திசையில் வளரும். அங்கே இடம் நிறைய. அதனால் பெரிதாகும் வரை சத்தமே இருக்காது. உட்கார்ந்தால் வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை என்று வரும். சாதாரண எக்ஸ்ரேயில் குடல் காற்று மறைத்துவிடும். இடுப்புக்கு எடுக்கும் வழக்கமான எம்.ஆர்.ஐ பல நேரம் சேக்ரத்தின் மேல்பாதியோடு நின்றுவிடும். வலி வால் எலும்புப் பக்கம் என்றால் "சேக்ரம் முழுக்கத் தெரிகிற மாதிரி எடுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. மலக்குடலில் விரல் விட்டுப் பார்க்கும் ஒரு நிமிடப் பரிசோதனையிலேயே இந்தக் கட்டி பல பேருக்குத் தட்டுப்படும். கூச்சத்தால் மறுத்துவிடாதீர்கள்.

டிபியா இருக்கும்னு மாத்திரை ஆரம்பிச்சாங்க. இப்ப கட்டிங்கிறாங்க. எது நெசம்?

நம் நாட்டில் முள்ளெலும்பு கரைந்திருக்கிறது என்றால் மருத்துவர் மனதில் முதலில் காசநோய் வருவது நியாயம். அரிய கட்டிகளைவிட அது பல மடங்கு அதிகம். ஸ்கேனிலும் சில வித்தியாசங்கள் உண்டு. காசநோய் பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து இரண்டு முள்ளெலும்பையும் நடுவிலுள்ள வட்டையும் (டிஸ்க்) சேர்த்து அரிக்கும், பக்கத்தில் சீழ் கோக்கும். கட்டி பெரும்பாலும் வட்டை விட்டுவைக்கும். ஆனால் முள்ளெலும்புக் கார்டோமா சில நேரம் வட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்குப் போகும். அப்போது படம் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது.

அதனால் என் அழுத்தமான கருத்து: இடம் எட்டக்கூடியதாக இருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே திசு எடுத்துப் பார்த்துவிட வேண்டும். அதே துணுக்கில் ஒரு பாதி ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் கரைசல்) எங்களிடம் வரும், மறு பாதி ஃபார்மலின் படாமல் நுண்ணுயிர்க் கூடத்துக்குக் காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் போகும். ஒரே ஊசியில் இரண்டு கேள்விக்கும் பதில். மாத்திரை தொடங்கிய பிறகும் வலி கூடுகிறது, கட்டி வளர்கிறது என்றால் கோர்ஸ் முடியட்டும் என்று காத்திருக்காமல் திசுப் பரிசோதனையைக் கேளுங்கள்.

ஊசி போட்டு சதை எடுத்தா கட்டி பரவிடும்னு எங்க ஊர்ல சொல்றாங்களே?

பொதுவாக இது தேவையில்லாத பயம். ஆனால் கார்டோமாவில் இதற்கு ஓர் உண்மையான அடிப்படை உண்டு. அதன் செல்கள் போகிற வழியில் ஒட்டிக்கொண்டு அங்கேயே முளைக்கக்கூடியவை. அதற்குத் தீர்வு பயாப்ஸியைத் தவிர்ப்பது கிடையாது, ஊசி போகும் வழியைத் திட்டமிடுவது. நாளை பெரிய ஆபரேஷன் செய்யப்போகும் மருத்துவரே அந்த வழியைக் குறிப்பார், வழக்கமாகப் பின்பக்கமாக. ஆபரேஷனின்போது அந்தத் தடத்தையும் கட்டியோடு சேர்த்து எடுத்துவிடுவார். சேக்ரத்துக் கட்டிக்கு மலக்குடல் வழியாக ஊசி போடக் கூடாது. போட்டால் குடலும் தடத்தில் சேர்ந்துவிடும்.

இன்னொரு மோசமான வழி, பெயர் தெரியாமலே திறந்து 'முடிந்த அளவு சுரண்டி எடுத்துவிட்டோம்' என்று மூடுவது. முதல் ஆபரேஷனில் சிதறிய கார்டோமாவை இரண்டாவது ஆபரேஷனில் முழுதாகப் பிடிப்பது மிகக் கடினம். கால் செயலிழந்துகொண்டிருக்கும் அவசரம் வேறு விஷயம், அங்கே நரம்பைக் காப்பதுதான் முதல் வேலை. அவசரமில்லை என்றால் பெயர் தெரிந்த பிறகே பெரிய கத்தி.

சதை எடுத்து ஒரு வாரம் ஆச்சு. ரிப்போர்ட்டுக்கு ஏன் இவ்ளோ நாளு?

ஜன்னலில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன். துணுக்கு ஃபார்மலினில் ஊறி உறைய வேண்டும். எலும்புத் துணுக்கு என்றால் அப்படியே சீவ முடியாது, கத்தி பல்லுப் பல்லாக உடையும். அதனால் அமிலத்திலோ ஈ.டி.டி.ஏ கரைசலிலோ போட்டுச் சுண்ணாம்பை இறக்குவோம். காலையில் எடுத்து ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பேன். 'நறுக்' என்றால் இன்னும் ஆகவில்லை, திரும்ப உள்ளே. கடுமையான அமிலம் போட்டால் சீக்கிரம் முடியும், ஆனால் பின்னால் மரபணுச் சோதனை செய்ய முடியாதபடி உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். ஈ.டி.டி.ஏ மெதுவானது, ஆனால் எதையும் பாழாக்காது.

பிறகு நீரை வெளியேற்றி, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரம் பங்கு செய்தால் அதில் மூன்று, நான்கு பங்கு கனத்தில் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்தி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றினால் முதல் ஸ்லைடு. அரிய கட்டிகளில் அதைப் பார்த்ததும் மருத்துவர் வழக்கமாகச் சொல்வது, "இம்யூனோ போடுங்க." குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று ஆன்டிபாடி வைத்துப் பார்க்கும் சோதனை அது. அதற்கு மீண்டும் சில நாள். இந்தத் தாமதத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. தவறான பெயரோடு சீக்கிரம் வரும் ரிப்போர்ட்டைவிட, சரியான பெயரோடு தாமதமாக வரும் ரிப்போர்ட் நோயாளியைக் காக்கும்.

ரிப்போர்ட்ல 'கார்டோமா'ன்னு போட்டுகீது. இன்னா அது?

தாயின் வயிற்றில் கரு உருவான மூன்றாவது வாரத்தில், முதுகின் நடுக்கோட்டில் நோட்டோகார்டு என்ற மெல்லிய தண்டு உருவாகிறது. முதுகெலும்பு எங்கே வர வேண்டும், தண்டுவடம் எங்கே வர வேண்டும் என்பதற்கெல்லாம் அதுதான் வழிகாட்டி. எலும்புகள் வந்த பிறகு அது மறைய வேண்டும். வட்டுகளின் நடுக்கூழில் கொஞ்ச காலம் இருந்து, குழந்தைப் பருவத்தில் அங்கிருந்தும் போய்விடும். சிலருக்குச் சில செல்கள் எலும்புக்குள்ளேயே தங்கிவிடும், குறிப்பாகத் தண்டின் இரு முனைகளில்: மேலே மண்டையோட்டின் அடிப்பகுதி, கீழே சேக்ரம். அவற்றில் வெகு சிலருக்கு, பல பத்தாண்டுகள் கழித்துக் கட்டி கிளம்புகிறது. அதுதான் கார்டோமா. மேலைநாட்டுப் பதிவேடுகளின் கணக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர். அதே கணக்கைத் தமிழ்நாட்டுக்குப் போட்டால் ஆண்டுக்கு 70, 80 பேர். சேக்ரத்தில் பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேல், பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வரும்.

நுண்ணோக்கியில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. நீலம் கலந்த வழவழப்பான களம், அதில் கயிறு கயிறாகச் செல்கள், ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக வெற்றிடங்கள். 1857இல் ருடால்ஃப் விர்ஷோ இந்தச் செல்களை விவரித்தபோது இது குருத்தெலும்பிலிருந்து வந்தது என்று நினைத்தார். அடுத்த ஆண்டே ஹைன்ரிஷ் முல்லர் நோட்டோகார்டைக் கைகாட்டினார். அந்தச் சந்தேகம் இன்றும் வேறு ரூபத்தில் வருகிறது, கீழே சொல்கிறேன்.

'பிராக்கியூரி பாசிட்டிவ்'னு இருக்கே, பாசிட்டிவ்னா கெட்டதா? 'கி-67' இன்னா?

பாசிட்டிவ் என்பதற்கு இங்கே நல்லது கெட்டது கிடையாது, 'இருக்கிறது' என்று மட்டுமே பொருள். பிராக்கியூரி என்பது நோட்டோகார்டு உருவாகும்போது வேலை செய்யும் புரதம். வளர்ந்த மனிதரின் எலும்பில் அதற்கு வேலையில்லை. கட்டியின் செல் கருக்களில் அது பழுப்பு நிறமாகப் பிடித்தால், 'இது நோட்டோகார்டு வழி வந்தது' என்று அடித்துச் சொல்லலாம். கார்டோமாவில் இது இருப்பது 2006இல் வெளிவந்த பிறகு, பெயர் சொல்வதில் இருந்த தடுமாற்றம் பெரிதும் குறைந்தது. கூடவே சைட்டோகெரட்டின், இ.எம்.ஏ, எஸ்-100 என்று வேறு சில பெயர்களும் இருக்கும். அவையும் அடையாளம் காட்டுபவையே.

ஐ.என்.ஐ-1 என்ற வரியை மட்டும் கவனியுங்கள். சாதாரண கார்டோமாவில் அந்தப் புரதம் இருக்கும். அது தொலைந்துவிட்டது என்று எழுதியிருந்தால், குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் அதிகம் வரும் வேகமான ரகம். சிகிச்சைத் திட்டமே மாறும். கி-67 என்பது பிரியும் வேலையில் இறங்கியிருக்கும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்ற எண். அதை மட்டும் வைத்து யாருடைய ஆயுளையும் கணிக்க முடியாது.

மெதுவா வளர்ற கட்டின்னு டாக்டரே சொல்றாரு. அப்ப அப்படியே வுட்டுடலாமா?

கார்டோமாவை விடக் கூடாது. வேகம் குறைவு, பிடிவாதம் அதிகம். எலும்பை அரித்துக்கொண்டே போகும், நரம்பு வேர்களைச் சூழும். நாளாக ஆக நுரையீரல், எலும்பு, கல்லீரல் பக்கம் பரவுவதும் உண்டு. அமெரிக்கப் பதிவேட்டின் பழைய கணக்கில், கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகள் தாண்டி இருந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்கு, பத்து ஆண்டு தாண்டியவர்கள் நூற்றுக்கு 40 பேர். அது ஸ்கேனும் கதிர்வீச்சும் இன்றைய அளவுக்கு வளராத காலத்தையும் சேர்த்த கணக்கு. மெதுவாக வளர்வதில் ஒரு நன்மை உண்டு: சரியான இடம், சரியான மருத்துவர்கள் என்று தேட உங்களுக்குச் சில வாரம் கிடைக்கும். அதை அதற்கே பயன்படுத்துங்கள்.

சேக்ரத்தை எடுத்தா ஒண்ணுக்கு, ரெண்டுக்கு கட்டுப்பாடு போயிடுமா?

கேட்கத் தயங்கிக் கடைசியில் மெல்லக் கேட்பார்கள். முதலிலேயே கேட்க வேண்டிய கேள்வி. பதில் எந்த நரம்பு வேர் வரை எடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. சேக்ரத்திலிருந்து கிளம்பும் வேர்களில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வேர்கள்தான் சிறுநீர்ப்பை, மலக்குடல், தாம்பத்திய உணர்ச்சி மூன்றையும் கவனிக்கின்றன. இரண்டாவது வேர் இருபக்கமும், மூன்றாவது ஒரு பக்கமாவது தப்பினால் பலருக்குக் கட்டுப்பாடு ஓரளவு நன்றாகவே நிற்கும். இரண்டாவது வேர் இருபக்கமும் போனால் நிற்காது. முதல் வேர் மட்டத்தில் வெட்டினால் இடுப்பு வளையத்தையே கம்பி, ஸ்க்ரூ வைத்துத் தாங்க வேண்டியிருக்கும்.

கட்டியைத் துண்டு போடாமல், சுற்றிலும் நல்ல திசு ஒட்டியபடி முழுதாக எடுப்பதுதான் திரும்ப வராமல் இருக்க நல்ல வழி. அதற்காக நரம்பை விட்டுக்கொடுப்பதா, நரம்பைக் காத்துக் கதிர்வீச்சை நம்புவதா என்பது உண்மையிலேயே கடினமான தேர்வு. நோயாளியை ஒதுக்கிவிட்டு மகனும் மருமகனும் முடிவு செய்யும் விஷயம் இல்லை இது. அவர் உடம்பு, அவரிடம் கேளுங்கள். கட்டுப்பாடு போனாலும் நாளுக்குச் சில முறை சுத்தமான ட்யூபை விட்டுச் சிறுநீர் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தோடு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேன்சருன்னா கீமோ குடுப்பாங்களே, இதுக்கு ஏன் குடுக்கல? புரோட்டான்னு ஒண்ணு சொல்றாங்க, அது வேணுமா?

வழக்கமான கீமோ மருந்து, வேகமாகப் பிரியும் செல்லைத்தான் நன்றாகத் தாக்கும். வழக்கமான கார்டோமா அதற்கு மசிவதில்லை. மேலே பிராக்கியூரி கேள்வியில் சொன்ன ஐ.என்.ஐ-1 தொலைந்த ரகம் விதிவிலக்கு. பரவிவிட்ட நிலையில் இமாட்டினிப் போன்ற குறிவைக்கும் மாத்திரைகளைச் சிலருக்குத் தருவார்கள். கட்டியைக் கரைப்பதைவிட, அதன் வளர்ச்சியைச் சில காலம் நிறுத்தி வைப்பதே அவற்றால் ஆவது.

கதிர்வீச்சில் சிக்கல் இதுதான்: கார்டோமாவை அடக்க 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதற்கும் மேல் தேவை. தண்டுவடம் தாங்குவது ஏறக்குறைய 45 முதல் 50 கிரே. இரண்டும் ஒட்டி இருக்கின்றன. சாதாரண எக்ஸ் கதிர் கட்டியைத் தாண்டியும் போகும். புரோட்டான் குறித்த ஆழத்தில் தன் சக்தியை இறக்கிவிட்டு நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கட்டியில் அதன் பேச்சு வருகிறது. சென்னையில் 2019 முதல் ஒரு தனியார் மையத்தில் இருக்கிறது, செலவு மிக அதிகம். அது கிடைக்காவிட்டால் வழியே இல்லை என்று உடைந்து போக வேண்டாம். கணினி வழி கூர்மையாக்கிய எக்ஸ் கதிர் முறைகளிலும் தண்டுவடத்தை ஒதுக்கி அதிக அளவு தர முடிகிறது. நகையை அடகு வைக்கும் முன், உங்கள் கட்டிக்கு இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கதிர்வீச்சு மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

எங்க அம்மாவுக்கு 'எபென்டிமோமா', தண்டுவடத்துக்குள்ளயே இருக்காம். அதைத் தொட்டாலே கை கால் போயிடும்ங்கிறாங்களே?

தண்டுவடத்தின் நடுவே ஒரு நுண்ணிய கால்வாய் உண்டு. அதன் உட்புறத்தில் வரிசையாக நிற்கும் எபென்டிமல் செல்களில் வருவது இந்தக் கட்டி. பெரியவர்களுக்குத் தண்டுவடத்துக்குள் வரும் கட்டிகளில் இதுவே அதிகம். குழந்தைகளுக்கு ஆஸ்ட்ரோசைட்டோமா அதிகம். எபென்டிமோமாவுக்குப் பெரும்பாலும் தெளிவான எல்லை இருக்கும். தண்டுவடத்தின் பின்பக்க நடுக்கோட்டைப் பிரித்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்து, நரம்பு ஓட்டத்தை நொடிக்கு நொடி கண்காணித்தபடி முழுதாக எடுத்துவிட்டால் பலருக்குக் கதிர்வீச்சே தேவைப்படாது. ஆஸ்ட்ரோசைட்டோமா நரம்பு இழைகளுக்குள் ஊடுருவி நிற்கும், எல்லை காண்பது கடினம், அதை முழுதாக எடுக்க முயல்வதே ஆபத்து.

ஆபரேஷனுக்கு முன் எந்த நிலையில் நடந்தாரோ, பிறகு எப்படி நடப்பார் என்பதை அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது. "கால் நல்லாத்தானே இருக்கு, இழுக்கட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் நஷ்டம். பின்பக்க நடுக்கோட்டில்தான் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் இழைகள் போகின்றன. அதனால் ஆபரேஷன் முடிந்த புதிதில் பலம் இருந்தும் தடுமாறுவார். இருட்டில் பாத்ரூம் போகும்போதும், கண்ணை மூடி முகம் கழுவும்போதும் சாய்வார். பக்கத்தில் ஆள் இருங்கள், ராத்திரி விளக்கு எரியட்டும். பலருக்கு இது மாதங்களில் தேறும்.

அதே எபென்டிமோமா தான், 'மிக்சோபாப்பில்லரி'ன்னு சேர்த்து எழுதியிருக்கு. கிரேடு 1னு ஒருத்தர், கிரேடு 2னு ஒருத்தர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கிரேடு என்பது கட்டியின் வீரியத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் வீரியம் கூடுதல். தண்டுவடத்தின் கீழ்நுனியிலும் அதிலிருந்து தொங்கும் இழையிலும் வரும் இந்த ரகத்தை முன்பு கிரேடு 1 என்றார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதை கிரேடு 2 ஆக்கியது, ஏனென்றால் திரும்ப வருவதும் தண்டுவட நீரில் சிந்திக் கீழும் மேலும் ஒட்டுவதும் நினைத்ததைவிட அதிகம். இதிலும் அதே கதைதான்: உறை கிழியாமல் ஒரே துண்டாக எடுத்தால் பலன் நன்றாக இருக்கும்.

'ஜெயன்ட் செல் டியூமர்'க்கு ஊசி போட்டாலே கரையுமாமே, ஆபரேஷன் எதுக்கு?

இருபது முதல் நாற்பது வயதுக்குள் அதிகம் வரும், சேக்ரத்திலும் வரும். ஸ்லைடில் கண்ணைப் பறிப்பவை பல கருக்கள் கொண்ட பெரிய செல்கள். ஆனால் நோயின் வேர் அவற்றில் இல்லை, சுற்றியுள்ள சாதுவான சின்னச் செல்களில் இருக்கிறது. அவை ஒரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து, எலும்பைத் தின்னும் பெரிய செல்களை வரவழைக்கின்றன. டெனோசுமாப் ஊசி அந்தச் சமிக்ஞையை அடைக்கும். பெரிய செல்கள் மறையும், வலி குறையும், எலும்பு கெட்டியாகும். சின்னச் செல்கள் உயிரோடு இருக்கும். ஊசியை நிறுத்தினால் பழையபடி தொடங்கலாம். அதனால் ஆபரேஷன் எளிதாக அமைய முன்னேற்பாடாகவோ, ஆபரேஷன் செய்ய முடியாத இடத்தில் நீண்ட நாளைக்கோ தருகிறார்கள். அது தொடரும் காலத்தில் பல் பிடுங்க வேண்டியிருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள், தாடை எலும்பு பாதிக்கப்படலாம்.

தோல் ஷாப் தண்ணியால வந்துச்சா? இல்ல, வண்டியில இருந்து வுழுந்தாரே, அதனாலயா? புள்ளைங்களுக்கும் வருமா?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தண்ணீரும் மண்ணும் கெட்டது உண்மை, அதற்கான போராட்டமும் நியாயம். ஆறு இணைதிறன் குரோமியத்தை (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பதும் நிறுவப்பட்டது. ஆனால் கார்டோமாவுக்கோ எபென்டிமோமாவுக்கோ அப்படி ஒரு வெளிக்காரணம் கண்டறியப்படவில்லை. விழுந்ததும் காரணமில்லை. விழுந்ததால் ஸ்கேன் எடுத்தார்கள், ஏற்கெனவே இருந்தது தெரிந்தது.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் இல்லை. மூன்று இடங்களில் மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆளுக்குப் பல ஷ்வான்னோமா, அல்லது இரு காது நரம்பிலும் கட்டி என்றால் 22ஆம் குரோமோசோமில் உள்ள என்.எஃப்-2 மரபணுவைப் பார்க்க வேண்டும். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா என்றால் வி.ஹெச்.எல் மரபணு. அதில் கண், சிறுநீரகம் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும். கார்டோமா ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு வந்தால், அது மிக அபூர்வம், பிராக்கியூரி மரபணு இரட்டிப்பாகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பெரியப்பா புத்தூர் கட்டுக்குக் கூட்டினு போலாம்ங்கிறாரு. நீவி விட்டா வலி குறையும் இல்ல?

கையோ காலோ முறிந்தால் ஆந்திர எல்லை தாண்டிப் புத்தூருக்குப் போவது நம் பக்கத்தில் தலைமுறைப் பழக்கம். பெரியப்பா அக்கறையில்தான் சொல்கிறார், அவரிடம் சண்டை வேண்டாம். அவரிடம் எம்.ஆர்.ஐ படத்தைக் காட்டி, எலும்பு உள்ளே அரித்துப்போய் இருக்கிறது, அழுத்தினால் நொறுங்கித் தண்டுவடத்தில் குத்தும் என்று சொல்லுங்கள். நீவுதல், இழுத்தல், முறுக்குதல் எதுவும் கூடாது. இதில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன்.

வேலூர்லயே பார்க்கலாமா, மெட்ராஸ் போணுமா? ஸ்லைடை வெளிய குடுப்பாங்களா?

இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை 1949இல் ஜேக்கப் சாண்டி தொடங்கியதே வேலூர் சி.எம்.சியில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) தான். ரயிலேறி வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். ஊர்க்காரர் தயங்க வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் எல்லாம் எட்டும் தூரம். எங்கே போனாலும் கேட்க வேண்டியது கட்டிடத்தைப் பற்றி இல்லை: "இந்த ரகக் கட்டி இங்கே பார்த்திருக்கீங்களா? அறுவை, கதிர்வீச்சு, திசுப் பரிசோதனை மூன்று டாக்டரும் சேர்ந்து பேசினீங்களா?" முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள்.

ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். அரிய கட்டிக்கு இரண்டாவது கண் பார்ப்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது, அவர்களே அனுப்பச் சொல்வார்கள். பிளாக்கைக் கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். வேலூர் வெயிலில் மெழுகு இளகிவிடும்.

ஒரு இடத்துல கார்டோமா, இன்னொரு இடத்துல காண்ட்ரோசார்கோமா (குருத்தெலும்புப் புற்றுநோய்). யாரை நம்புறது?

மேலே விர்ஷோ பற்றிச் சொன்ன சந்தேகம் இதுதான். குருத்தெலும்பு மாதிரியே தோன்றும் கார்டோமா உண்டு, வழவழப்பான காண்ட்ரோசார்கோமாவும் உண்டு. சாயம் மட்டும் போட்டுப் பார்த்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும். இங்கேதான் இம்யூனோ கைகொடுக்கிறது: கார்டோமா என்றால் பிராக்கியூரியும் கெரட்டினும் பிடிக்கும், காண்ட்ரோசார்கோமா என்றால் இரண்டும் பிடிக்காது. எஸ்-100 இரண்டிலும் பிடிக்கும், அதனால் அது மட்டும் இருக்கிற ரிப்போர்ட் போதாது. பிராக்கியூரி போட்டார்களா என்று கேளுங்கள். போடவில்லை என்றால் பிளாக்கை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டதும் வலி பறந்துடுச்சு, கட்டியும் சுருங்கிடுச்சு. இனி பயாப்ஸி எதுக்கு?

கட்டாயம் வேண்டும். இன்னும் அவசரமாக வேண்டும். ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைப்பதால் எந்தக் கட்டியிலும் வலி குறையும். ஆனால் கட்டியே சுருங்கியது என்றால் லிம்ஃபோமாவை (நிணநீர்ச் செல்களில் வரும் புற்றுநோய்) நினைக்க வேண்டும். அந்தச் செல்கள் ஸ்டீராய்டிலேயே செத்துப்போகும், நோய் போகாது. அந்த நேரத்தில் எடுத்த துணுக்கில் எங்களுக்குச் சிதைந்த செல்களின் தடயம்தான் கிடைக்கும், பெயர் சொல்ல முடியாது. லிம்ஃபோமா என்று தெரிந்தால் பெரிய முதுகு ஆபரேஷன் இல்லாமலே மருந்திலும் கதிரிலும் குணமாக வாய்ப்புண்டு. கால் பலம் குறைந்துகொண்டிருந்தால் ஸ்டீராய்டை நிறுத்தி வைக்க முடியாது, கொடுத்தே ஆக வேண்டும். அவசரம் இல்லாதபோது முதலில் திசு, பிறகு ஸ்டீராய்டு.

ஆபரேஷன் ஆச்சு, கால் இன்னும் வரல. இனிமே வீல்சேர் தானா?

தண்டுவடம் மெதுவாகத் தேறும், முதல் ஆறு மாதம், ஒரு வருடம் மிக முக்கியம். முழுதாகத் தேறாவிட்டாலும் வாழ்க்கை அத்தோடு முடியாது. 1954இல் ஒரு விபத்தில் இரு கால்களும் செயலிழந்த வேலூர் சி.எம்.சி மருத்துவர் மேரி வர்கீஸ், வீல்சேரில் உட்கார்ந்தே அறுவை செய்தார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீர்ப் பழக்கம், கைக்குப் பலம், வீட்டு வாசல்படிக்குச் சாய்தளம் என்று கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே மறுவாழ்வுத் துறைக்குச் சீட்டு கேட்டு வாங்குங்கள்.

அஞ்சு வருஷம் தாண்டியாச்சு, ஒண்ணும் இல்ல. இன்னும் வருஷா வருஷம் எம்.ஆர்.ஐ எதுக்கு?

பல புற்றுநோய்களில் ஐந்து ஆண்டு என்பது பெரிய எல்லை. மெதுவாக வளரும் கார்டோமாவுக்கு அந்த எல்லை பொருந்தாது. பத்து ஆண்டு கழித்தும் அதே இடத்தில் முளைத்ததுண்டு. முதல் சில ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆண்டுக்கு ஒரு தடவை என்று நீண்ட காலம் பார்ப்பது அதனால்தான். சின்னதாக இருக்கும்போது பிடித்தால் மீண்டும் எடுக்கவோ, முன்பு கொடுத்த அளவைக் கணக்கிட்டு மீண்டும் கதிர்வீச்சு தரவோ இடம் இருக்கும். முழுதாக எடுத்த ஷ்வான்னோமாவுக்கு இத்தனை கெடுபிடி இல்லை.

ஒவ்வொரு தடவையும் பழைய படங்களையும் எடுத்துப் போங்கள். புதுப் படத்தில் தெரிகிற நிழல் தழும்பா, புதுக் கட்டியா என்பதைப் பழையதோடு வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிடி பத்து வருடத்தில் ஓடாமல் போகலாம், இன்றைக்கே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து, முதல் திசு ரிப்போர்ட்டின் எண்ணை அதன் மேல் ஒட்டி வையுங்கள். அந்த எண் இருந்தால், எத்தனை வருடம் கழித்து வந்தாலும் எங்கள் அலமாரியில் அந்த பிளாக்கைத் தேடுவது எளிது.